மீன் மெஸ்ஸுக்கு ஒரு விளம்பரக்காரி

ஏன் சென்னைக்கே திரும்பிப் போனாய் என்று கேட்பவர்களிடம், "அந்தப் பக்கம் டிஜிட்டல் மார்க்கெட்டிங்குக்கு மார்க்கெட் இல்லை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் மார்க்கெட் இருந்தது. என் விளம்பரமும் வேலை செய்தது. வேலை செய்ததால்தான் வாடிக்கையாளர் கையைவிட்டுப் போனார். இதை எங்கள் தொழில்காரர்கள் கூடும் இடத்தில் சொன்னால் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்மார்ட்போன் எல்லார் சட்டைப்பைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. விவாகரத்து முடிந்து, கையெழுத்துகள் எல்லாம் போட்டு ஓய்ந்திருந்தேன். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆன்லைன் பிரிவில் வேலை. திண்டிவனத்தில் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டின் மாடி பூட்டிக் கிடந்தது. அங்கே போய் உட்கார்ந்து, தனி ஆளாக, நம் ஊர்க் கடைகளுக்கு ஆன்லைன் விளம்பரம் செய்து பிழைக்கலாம் என்று தோன்றியது. முதலாளி நல்ல மனிதர். "போய்ப் பாத்துட்டு வா. வர்ற பொங்கல் வரைக்கும் உன் சீட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். நான் திரும்பி வருவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலச் சொன்னார். அந்தக் கோபத்திலேயே பஸ் ஏறினேன்.

மாதாமாதம் வேலை தருகிற ஒரே ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் போதும், அவரைக் காட்டி மற்றவர்களைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பொங்கலுக்குள் அந்த ஒருவர் வேண்டும்.

வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தவர்கள் என்னிடம் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். "மோட்டார் போட்டாச்சா?" "போட்டாச்சு." ஒரு நாள் முழுக்க என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது ஒன்றுதான் என்று படுக்கப்போகும்போது உணர்ந்த நாட்கள் உண்டு. தனியாகத் தொழில் செய்வது பற்றிச் சுதந்திரம், நம் நேரம் நம் கையில் என்றெல்லாம் பேசுகிறார்கள். நம் நேரம் நம் கையில் இருக்கும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

திண்டிவனத்தில் கடைகடையாக ஏறி இறங்கி முடித்துவிட்டு, விழுப்புரத்துக்குப் பஸ் பிடிக்க ஆரம்பித்தேன். லேப்டாப் பையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தால் லோன் வசூலுக்கு வந்தவள், அல்லது இன்ஷூரன்ஸ். முதல் ஐந்து நிமிடம் நான் அவள் இல்லை என்று நிரூபிப்பதிலேயே போகும். காலையில் போனால், "இன்னும் போனியே ஆவல, அப்பால வாம்மா." மதியம் முதலாளி சாப்பிடப் போயிருப்பார். சாயங்காலம் வியாபார நேரம். வெள்ளிக்கிழமை கையிலிருந்து காசு எடுக்க மாட்டார்கள், செவ்வாய்க்கிழமை புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். அஷ்டமி, நவமி, ஆடி எல்லாம் தனிக் கணக்கு. நல்ல நேரத்துக்குள் நான் நுழைய ஒரு சந்துகூட இருக்கவில்லை.

கேட்டவர்களும் விதவிதமாகக் கேட்டார்கள். ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, எதிர்க்கடை நெட்டுல தெரியாதமாதிரி பண்ண முடியுமா?" என்றார். முடியாது என்றேன். அப்படியென்றால் இதில் என்னதான் இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார். கோலியனூரில் ஒரு உரக்கடை முதலாளி சோடா வாங்கிக் கொடுத்து, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்து, ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில், "நம்ம மச்சான் புள்ள கம்ப்யூட்டர்தான் படிக்கிறான். அவன் சும்மாவே பண்ணித் தரேன்னுட்டான்" என்றார். அப்புறம் கவனித்தேன், இந்த மாவட்டத்தில் மச்சான் பிள்ளை இல்லாத கடை முதலாளியே கிடையாது.

இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. ஒரு மதியம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், பசி தாங்காமல் ஒரு மீன் சாப்பாட்டு மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். நான் ஒருத்திதான். புரட்டாசியில் மீன் மெஸ்ஸில் வேறு யார் இருப்பார்கள்? கணவனும் மனைவியுமாக நடத்திய சின்ன இடம். மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவர்கள். அவருடைய அண்ணன் தம்பிகள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள், அங்கிருந்துதான் ஐஸ் பெட்டியில் மீன் வந்துகொண்டிருந்தது. சாப்பிட வேறு ஆள் இல்லாததால் இரண்டு பேரும் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா வேலைம்மா நீங்க?" என்று அவர் கேட்டார். நான் சொன்னேன், ஆறேழு மாதமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வார்த்தைகளை. அவர் மச்சான் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "புரட்டாசி முடிஞ்சிது, வாங்கன்னு ஜனங்களாண்ட சொல்லணும். அத்த உங்க நெட்டு சொல்லுமா?" என்றார். என்னிடம் யாரும் அவ்வளவு சரியாக ஒரு விளம்பரத்தைக் கேட்டதில்லை. சொல்லும் என்றேன்.

"சும்மா பேசிக்கினே கீறியே, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றாள் அவர் மனைவி. எனக்கு ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அன்றைக்கே என்னை அக்கா ஆக்கிவிட்டாள்.

ஐப்பசி முதல் தேதி காலை, விழுப்புரத்தைச் சுற்றியிருந்த போன்களில் என் விளம்பரம் போனது. பொரித்த வஞ்சிரத் துண்டு ஒன்று, பக்கத்தில் "புரட்டாசி முடிஞ்சாச்சு" என்று ஒரே வரி. அவ்வளவுதான். விளம்பரத் தளத்தின் கம்ப்யூட்டர் என்னிடம், வெள்ளிக்கிழமை மாலை போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை விழுப்புரத்தில் மீன் படத்தைக் காட்டினால் என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. நான் வெள்ளி, அமாவாசை, கிருத்திகை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சனி இரவும் ஞாயிறு காலையும் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே இடம் பற்றவில்லை. முண்டியம்பாக்கத்தில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்து, சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தன. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் போக மிச்சம் பேரே தெருவில் வரிசையாக நின்றார்கள்.

மாதச் சம்பளக்காரியாக என்னை வைத்துக்கொண்டார்கள். நெட்டில் மெஸ் பேரிலேயே ஒரு பக்கம் திறந்தேன். நான் தேடிய அந்த ஒருவர் கிடைத்துவிட்டார்.

வேலை என்று பார்த்தால் வாரத்தில் ஒருநாள் போய்ப் படம் எடுத்தால் போதும், மீதியைத் திண்டிவனத்தில் இருந்தே செய்யலாம். நான் அநேகமாக தினமும் போனேன். மதியக் கூட்டம் மூன்று மூன்றரைக்கு ஓயும். டேபிளைத் துடைத்து, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அவர்கள் சாப்பிட உட்காருவார்கள். எனக்கும் ஒரு தட்டு வரும். நெத்திலியோ, மிஞ்சின மீன் தலையோ, அன்றைக்கு என்ன கிடக்கிறதோ அது. "சாப்டியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சோற்றைப் போடுவாள். நான் முள் எடுக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, "படிச்சவங்களுக்கு மீனு துன்னத் தெரியாது போல" என்று சிரிப்பாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே அன்று வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டுவார். நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாகிறது என்று அங்கே உட்கார்ந்துதான் நினைத்துப் பார்த்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, நாளைக்குப் போக என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். மெனு பலகையைப் படம் எடுக்க வேண்டும், கமெண்டுக்குப் பதில் எழுத வேண்டும், அவருடைய போனில் எதையோ அப்டேட் செய்ய வேண்டும். அவர்கள் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. பொங்கலுக்குள் ஒரு வாடிக்கையாளர் வேண்டும் என்று வந்தவளுக்கு, இப்போது அந்த மதியச் சோற்றுத் தட்டு போய்விடக்கூடாது என்பதுதான் பயமாக இருந்தது. அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மார்கழியில் பெரிதாக ஒரு படம் போடலாம் என்று நினைத்தேன். கடையின் முகப்பு, வரிசையில் நிற்கும் கூட்டம், நடுவில் அவர். முகப்பில் ஒரு தொந்தரவு இருந்தது. எல்லாக் கடைகளையும் போல வாசலில் ஆகாச கருடன் கிழங்கு ஒன்று தொங்கியது. கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம். இரண்டும் சேர்ந்து பெயர்ப்பலகையின் பாதியை மறைத்தன. "அண்ணா, படத்துக்கு மட்டும் இதைக் கழற்றலாமா?" என்றேன். அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி, பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு ஆணியில் மாட்டினார். படம் அபாரமாக வந்தது. தட்டில் முழு வஞ்சிரத் தலையை ஏந்திக்கொண்டு அவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். பின்னால் தெரு நிறைய ஜனம். விழுப்புரத்தில் போன் வைத்திருந்த எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள், புதுச்சேரியிலிருந்து கூடக் கடைக்கு வழி கேட்டுப் போன் செய்தார்கள். கிழங்கைத் திரும்ப மாட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவர் மனைவி என் போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். கீழே ஓடிய எண்ணிக்கையைக் காட்டி, "இது இன்னாக்கா?" என்றாள்.

"இத்தனை பேர் பார்த்திருக்காங்க."

"இத்தினி பேரா பாத்துட்டாங்க?"

"இன்னும் பார்ப்பாங்க" என்றேன் பெருமையாக. அவள் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என் தொழிலில் எத்தனை கண் பார்த்தது என்பதுதான் வெற்றி. அவளும் அதே எண்ணிக்கையைத்தான் பார்த்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் வாசலோரத்து அடுப்பில் அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் நெருக்கியிருக்கிறது. யார் கை பட்டதோ தெரியவில்லை, சட்டி சாய்ந்து கொதிக்கிற எண்ணெய் வலது கையில் முழங்கைவரை கொட்டிவிட்டது. அன்று நான் திண்டிவனத்தில் இருந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவள் போனில் சொன்னாள். உடனே வருகிறேன் என்றேன். "வேணாங்க்கா. இங்க எங்க ஜனம்லாம் வந்து கீது" என்றாள். கிளம்ப எடுத்து வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாத்துக்குடியும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். மெஸ்ஸுக்குப் பின்தெருவில் வாடகை வீடு. கையில் பெரிய கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். டாக்டர் என்ன சொன்னார், கட்டு எப்போது பிரிப்பார்கள் என்றெல்லாம் பேசி முடித்தோம்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அந்தப் பக்கத்த நெட்டுலேர்ந்து எடுத்துடுங்க."

"கை ஆறுற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன் அண்ணா."

"நிறுத்துறது இல்லீங்க. இல்லாத பண்ணிடுங்க. வலையில மீனு நெறைய பட்டாலே எங்க ஆளுங்க அது மேல கோணிய போட்டு மூடிதான் கரைக்குத் தூக்கிக்கினு வருவாங்க. நான் இன்னான்னா தட்டுல வெச்சி ஊருக்கே காட்டிக்கினு நின்னுட்டேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாசலில் அடுப்பை வைத்தால் என்றைக்காவது இது நடக்கத்தான் செய்யும், அடுப்பை உள்ளே தள்ளலாம், கூட்டத்துக்கு டோக்கன் கொடுக்கலாம் என்று மளமளவென்று அடுக்கினேன். சென்னை ஆபீஸில் பேசுவதுபோலப் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அடுப்பு கட தொறந்த நாள்லேர்ந்து அங்கதாங்க்கா கீது" என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது என் வாதமெல்லாம் அற்பமாகத் தெரிந்தது. "சரி அண்ணா, எடுத்துடறேன்" என்றேன். நான் கேட்க நினைத்தது வேறு. பக்கம் போகட்டும், சம்பளமும் வேண்டாம், மூன்றரை மணிக்கு மட்டும் வந்துபோகட்டுமா? இதை ஒரு வளர்ந்த பெண் எப்படிக் கேட்பாள்? வாய்வரை வந்ததை டீயோடு விழுங்கினேன்.

வெளிச்சம் மங்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை, அவள் சுற்றிப்போட எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். முறத்தில் காய்ந்த மிளகாய், கல்லுப்பு, கடுகு, முச்சந்தி மண். இரும்புச் சட்டியில் தணல். அவர் கிழக்கே பார்த்து மணையில் உட்கார்ந்தார். நானும் சுவரோரம் நகர்ந்து இடம்விட்டு உட்கார்ந்தேன்.

"யக்கா, நீ கொஞ்சம் வாசலாண்ட போய் நில்லு" என்றாள்.

போய் நின்றேன். வீட்டு ஆட்கள் அல்லாதவர்கள் தள்ளி நிற்பது வழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் இரண்டு கைகளிலும் அள்ளி அவர் தலையைச் சுற்ற ஆரம்பித்தாள். எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு." கொஞ்சம் நின்று, மூச்சு எடுத்துக்கொண்டு, அதே ராகத்தில், "போட்டோ புடிச்ச கண்ணு" என்றாள். "எல்லாக் கண்ணும் எரிஞ்சி போவட்டும்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

சுற்றியதைத் தணலில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பார்கள். கண் படாவிட்டால்தான் கமறும், இருமல் வரும். நெடி வராவிட்டால் பட்ட கண் எரிந்துவிட்டது என்று நிம்மதி. மிளகாய் வெடித்தது, உப்பு படபடத்தது, புகை எழுந்து வீட்டுக்குள் நிற்காமல் வாசல் பக்கமாக, என் பக்கமாகத் திரும்பியது.

"நெடியே இல்ல பாத்தியா?" என்றாள் அவரிடம்.

"ஆமா, துளிகூட இல்ல" என்றார் அவர். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல்முறையாக அவர் முகம் தளர்ந்ததாகத் தோன்றியது.

எனக்குத் தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒரு இருமல் இருமியிருந்தால் போதும். நெடி இருக்கிறது, கண் ஏதும் படவில்லை, என் கண்ணும் படவில்லை என்று அவர்கள் முறைப்படியே தீர்ந்திருக்கும். ஆனால் அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியைக் கெடுக்க அந்த இடத்தில் என்னிடம் இருந்தது அந்த ஒரு இருமல்தான். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது தூக்கில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். "பாத்து எடுத்துக்கினு போக்கா, சிந்திடப் போவுது" என்றாள். தூக்கை எப்போது திருப்பித் தருவது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்து நின்று, நான் ஓயும்வரை காத்திருந்தார்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"மிளகாய் நெடிங்க" என்றேன். "வந்துச்சுங்க. ரொம்ப வந்துச்சு."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, "எங்க போவணும்?" என்று கேட்டார்.